எல்லாருக்கும் தெரிந்த அந்த ஒரு வரி

என் வீட்டுக்காரர் நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்கிற ரகம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கால் விரலைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடியே "சாரி" என்பார். யாருக்குச் சாரி என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார். கடைக்காரன் அழுகின தக்காளியைத் தலையில் கட்டி அனுப்பினால், தான்தான் பார்த்து எடுக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். நான் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பப் போய்ச் சண்டை போட்டு மாற்றி வர வேண்டும். எங்கள் தெருவில் எனக்குச் சண்டைக்காரி என்று பெயர் வந்ததற்கு முழுக் காரணம் இந்த மனிதர்தான்.

அவருக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிற தொழில். தொழில் என்பதைவிடப் பைத்தியம் என்று சொல்லலாம். எழுதினது சரியாக ஓடிவிட்டால் ராகமே இல்லாமல் ஏதோ முனகிக்கொண்டு மேஜையில் தாளம் போடுவார். அந்தச் சத்தம் கேட்டால் சமையலறையில் இருக்கிற எனக்கும் மனசு லேசாகிவிடும். போன வருஷம் அவருடைய கம்பெனி ஒரு பிரிவையே இழுத்து மூடி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியது. மற்றவர்கள் கம்பெனியைத் திட்டினார்கள். இவர் மட்டும், "நான் இன்னும் கொஞ்சம் நல்லா செஞ்சிருக்கலாம்மா" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்குக் குக்கர் மூடியைப் போட்டு உடைக்காதது அந்த மூடியின் அதிர்ஷ்டம்.

அதற்குப் பிறகு வீட்டிலிருந்தே தனியாக வேலை எடுக்க ஆரம்பித்தார். முதலில் கிடைத்தவர் எங்கள் பேட்டையில் நீச்சல் குளம் நடத்தும் ஒரு அம்மா. விசிலும் தொப்பியுமாக எப்போதும் குளத்தோரம் நிற்பவர். வீட்டில் நாங்கள் கோச்சம்மா என்போம். ஒவ்வொரு மணி நேர வகுப்புக்கும் இத்தனை குழந்தைகள்தான் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார். அதற்கு மேல் ஒரு குழந்தையைக்கூடத் தண்ணீரில் இறக்க மாட்டார். பெற்றோர்கள் வீட்டிலிருந்தே பணம் கட்டி இடம் பிடித்துக்கொள்ள ஓர் இணையதளம் வேண்டும் என்று கேட்டார்.

இதற்கிடையில் என் அண்ணன் ஒருவன். டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். வாரம் தவறாமல் போன் பண்ணுவான். "மாப்ள, கடையில சரக்குப் பாக்க ஆள் வேணும். ஏசி ரூம். ராஜா மாதிரி உக்காந்துக்கலாம். கம்ப்யூட்டர்கூட இருக்கு." கம்ப்யூட்டர்கூட இருக்காம்! இவரும் சிரித்துக்கொண்டே, "இந்தக் குளத்து வேலை முடியட்டும் மச்சான், பாக்கலாம்" என்பார். பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இந்த வேலை கைகொடுத்தால் தொழிலில் நிற்பார். சொதப்பினால் கீபோர்டை மூடிவைத்துவிட்டு டைல்ஸ் பெட்டிகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துவிடுவார், அதற்கப்புறம் வீட்டில் அந்த முனகல் கேட்காது.

பணம் கட்டும் வசதிக்கு அவர் தேர்ந்தெடுத்தது எந்தக் கம்பெனியை என்கிறீர்கள்? நான் வேலை பார்க்கும் கம்பெனியை. எங்கள் வசதியைத் தங்கள் இணையதளத்தில் எப்படிப் பொருத்துவது என்று புரோகிராமர்கள் படித்துத் தெரிந்துகொள்வதற்கான பக்கங்கள் உண்டு. டாக்குமெண்டேஷன் என்பார்கள். அதை எழுதும் வேலைதான் எனக்கு. கோச்சம்மாவிடம் இவர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்: "என் வொய்ஃப் கம்பெனிதான் மேடம். கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்."

ஆனால் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. செருப்போடு சேர்த்து ஆபீஸையும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆபீஸ் விஷயம் ஒன்றைச் சாப்பாட்டு நேரத்தில் உளறிவைத்தேன். இவர் அதை அப்பாவியாக ஒரு நண்பரிடம் சொல்ல, அது சுற்றிச் சுற்றி என் மேனேஜர் காதுக்கே வந்து சேர்ந்தது. வேலை போகாதது யார் செய்த புண்ணியமோ. அன்றைக்கு இந்தச் சட்டத்தைப் போட்டவர் இவர்தான். நான் வாயைத் திறந்தால் செருப்பு அடுக்கைக் கைகாட்டுவார்.

சோதனை ஓட்டம் பிரமாதமாக நடந்தது. சோதனைக்கென்று பொய்ப் பணம் கட்டிப் பார்க்க ஒரு வசதி உண்டு. அதில் இவர் ஒரு வாரம் பொய்க் குழந்தைகளைக் குளத்தில் சேர்த்துக்கொண்டே இருந்தார். எல்லாம் கச்சிதம். முனகல், தாளம், எல்லாம் கேட்டது. பிறகு நிஜப் பணத்துக்குத் திறந்துவிட்டார்கள்.

அந்த வாரக் கடைசியில் நானும் குளத்துக்குப் போனேன். பாதிக் குளம் காலி. ஓரத்தில் ஐந்தாறு வாண்டுகள் பலகையைப் பிடித்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தன. கோச்சம்மா இடுப்பில் கைவைத்து நின்றார். வாசலில் ஓர் அப்பா, "இடமே இல்லன்னு காட்டுதுங்க" என்று போனை நீட்டிக்கொண்டிருந்தார். இடம் இல்லையா? அத்தனை தண்ணீர் சும்மா கிடந்தது!

கோச்சம்மா இவரைப் பார்த்தார். "தம்பி, என் கண்ணுக்கு ஆறு புள்ளைங்க தெரியுது. உங்க கம்ப்யூட்டருக்குப் பன்னெண்டு தெரியுது. மீதி ஆறு தண்ணிக்கு அடியில இருக்கா?"

"சாரி மேடம். என் தப்புதான். பாத்துடறேன்."

பார்க்காமலேயே என் தப்பு! அங்கேயே எனக்குச் சுருக்கென்றது.

பிறகு தெரிந்த விஷயம் இதுதான். ஒருவர் பணம் கட்டினதும் எங்கள் கம்பெனி சர்வர் இவருடைய இணையதளத்துக்கு, 'பணம் வந்துவிட்டது' என்று ஒரு மெசேஜ் அனுப்பும். மெசேஜ் வந்ததும் இவருடைய புரோகிராம் ஒரு குழந்தைக்கு இடம் ஒதுக்கும். ஆனால் ஒரு தடவை கட்டின பணத்துக்கு மெசேஜ் இரண்டு தடவை வந்தது. ஒரு குழந்தைக்கு இரண்டு இடம் போனது. எங்கள் டாக்குமெண்டேஷனிலோ, 'ஒவ்வொரு பணத்துக்கும் மெசேஜ் ஒரு முறை மட்டுமே அனுப்பப்படும்' என்று இருந்தது. நான் சேர்வதற்கு முன்பே யாரோ எழுதிவைத்துவிட்டுப் போன வரி.

அந்த வரியை இவர் அப்படியே நம்பினார். "ஒரு தடவைதான் அனுப்புவோம்னு தெளிவா எழுதியிருக்காங்களே. அப்ப நான்தான் எங்கயோ ரெண்டா ஆக்கறேன்." தான் எழுதினதையெல்லாம் பிரித்துப் போட்டுத் தேடினார். இல்லாத தப்பை எங்கே போய்க் கண்டுபிடிப்பது? சாப்பிட உட்கார்ந்தால் தட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். கூப்பிட்டால் காதில் விழவில்லை. பெற்றோர்கள் அவசரத்தில் இரண்டு முறை அழுத்துகிறார்களோ என்று பட்டனை ஒரே தடவை அழுத்துகிற மாதிரி மாற்றினார். அப்போதும் இரண்டு இரண்டாகத்தான் வந்தது.

கடைசியில் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி செய்தார். ஒரே ஆளிடமிருந்து ஒரே தொகைக்கு அடுத்தடுத்து இரண்டு மெசேஜ் வந்தால் இரண்டாவதைத் தள்ளிவிடுவது. இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் இரட்டைக் குழந்தைகளின் அம்மா ஒருவர் வந்து சேர்ந்தார். இரண்டு பெண்களுக்கும் தனித்தனியாகப் பணம் கட்டியிருக்கிறார். ஒருத்திக்குத்தான் இடம் இருந்தது. ஒருத்தி தண்ணீரில் குதித்துக் கும்மாளம் போட, மற்றவள் துண்டைக் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்து ஓவென்று அழ, அந்த அம்மா கோச்சம்மாவைப் பிடித்துக் கத்த, கோச்சம்மா விசிலை ஊதினார். குளமே அடங்கியது.

"தம்பி, லீவு வகுப்புக்கு அடுத்த வாரம் புக்கிங் திறக்கணும். அதுதான் எனக்கு வருஷத்துச் சோறு. அதுக்குள்ள சரி பண்ணுங்க. இல்லன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன். கோவிச்சுக்காதீங்க."

"நியாயம்தான் மேடம்" என்றார் இவர். அவருக்கு எல்லாருடைய பக்கமும் நியாயம்தான், தன் பக்கத்தைத் தவிர.

வீட்டுக்கு வந்து எங்கள் கம்பெனி உதவிப் பிரிவுக்கு ஒரு கேள்வி அனுப்பினார். அதை டிக்கெட் என்பார்கள். எவ்வளவு பணிவாக எழுதினார் தெரியுமா? 'என் தவறாகவே இருக்கக்கூடும், இருந்தாலும் கேட்கிறேன், மெசேஜ் இரண்டு முறை அனுப்பப்படுகிறதா?' கூடவே எந்தெந்த மெசேஜ் எப்போது வந்தது என்று ஆதாரத்தையெல்லாம் வரிசையாக இணைத்திருந்தார். குருடனுக்குக்கூடப் புரியும்.

பதில் வர மூன்று நாள் ஆனது. நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். சத்தமாகப் படித்தார்.

"'வணக்கம். தங்கள் சிரமத்தை நாங்கள் முழுமையாக உணர்கிறோம். எங்கள் தரப்பில் அனைத்தும் சரியாக இயங்குகின்றன. டாக்குமெண்டேஷனை மீண்டும் ஒருமுறை படித்து, தங்கள் புரோகிராமைச் சரிபார்க்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். தங்கள் பொறுமை எங்களுக்குப் பெரும் பலம்.'"

கத்தியை வைத்துவிட்டேன்.

"எவ்ளோ மரியாதையா எழுதியிருக்காங்க பாரேன்" என்றார். "'தங்கள் பொறுமை எங்களுக்குப் பெரும் பலம்.' மனசுக்கு இதமா இருக்கில்ல?"

அந்த வாக்கியம் என்னுடையது. உதவிப் பிரிவில் ஆள் போதாது என்று, பொதுவான பதில்கள் சிலவற்றை எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். இது மூன்றாம் எண் பதில். யார் எதைக் கேட்டாலும் அங்கே இருப்பவர்கள் மூன்றை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவருடைய ஆதாரத்தை ஒருத்தரும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

"ஏங்க, அது சும்மா எல்லாருக்கும் அனுப்பறது…"

செருப்பு அடுக்கைக் கைகாட்டினார். "வேண்டாம்மா. சட்டம் சட்டம்தான். அவங்களே சரியா இருக்குன்னு சொல்லிட்டாங்க. என் மூளைதான் மழுங்கிடுச்சு போல." பிறகு போனை எடுத்தார். "மச்சான்… ஆமா… அந்த வேலை இன்னும் காலியாத்தானே இருக்கு? ஒண்ணாம் தேதி வந்துடறேன்."

இந்த மனிதர் பத்து வருஷமாக உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்ட தொழிலை, முகம் தெரியாத எவனோ அழுத்தின மூன்றாம் எண் பிடுங்கிக்கொண்டு போகிறது. அதுவும் என் எழுத்தை வைத்தே.

மறுநாள் காலையில் ஆபீஸில் பையைக்கூட இறக்கவில்லை. மெசேஜ் அனுப்பும் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் எஞ்சினியரிடம் நேராகப் போய் நின்றேன். தாடி என்றுதான் அவனை எல்லாரும் கூப்பிடுவோம்.

"தாடி, ஒரே பணத்துக்கு மெசேஜ் ரெண்டு தடவை போகுமா?"

"போகுமே" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "'கிடைச்சது'ன்னு பதில் உடனே வரலன்னா மறுபடி அனுப்பும். சின்னச் சின்ன சைட்டெல்லாம் மெதுவாத்தானே பதில் சொல்லும், அதனால அவங்களுக்கு அநேகமா ரெண்டு தடவைதான். சோதனை மோடுல மட்டும் இது வேலை செய்யாது."

"அப்ப அது பழைய மெசேஜா, புதுப் பணமான்னு அவங்க எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"மெசேஜ் கடைசியில ஒரு நம்பர் இருக்கும்ல, ஒரே பணம்னா அது மாறாது. அதே நம்பர் மறுபடி வந்தா தள்ளிட வேண்டியதுதான்."

அந்த நம்பரைப் பற்றி எங்கள் டாக்குமெண்டேஷன் என்ன சொல்கிறது தெரியுமா? 'கம்பெனியின் உள் உபயோகத்துக்கு மட்டும். பொருட்படுத்த வேண்டாம்.' பொருட்படுத்த வேண்டாமாம்! கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுச் சாவியைக் குப்பையில் போடச் சொல்லி எழுதிவைத்திருக்கிறோம்.

"இதை ஏன்டா யாரும் என்கிட்ட சொல்லல?"

"இது எல்லாருக்கும் தெரியுமேக்கா."

"எல்லாருக்கும்னா யாருக்கு?"

கொஞ்சம் யோசித்தான். "எங்க டீமுக்கு."

அவன் தாடியைப் பிடித்து நாலு சுற்றுச் சுற்றலாமா என்று வந்தது. மேனேஜரிடம் போனேன். அவர் நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தவே மாட்டார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காத விஷயம்.

"ரெண்டு தடவை அனுப்பறோம்னு நம்ம வாயாலயே சொன்னா நல்லாவா இருக்கும்? வர்ற கஸ்டமர் பயந்துட மாட்டாங்களா? நம்ம சாஃப்ட்வேரோட அடுத்த ரிலீஸ்ல சரி பண்ணிடுவாங்க."

"அடுத்த ரிலீஸ் எப்ப சார்?"

"இதுக்கு அடுத்தது."

"அதுவரைக்கும் படிக்கறவங்க தன் தலையில தானே அடிச்சுக்கணுமா?"

"எமோஷனல் ஆகாதீங்க" என்றார். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே உச்சந்தலையில் தீப்பிடிக்கும்.

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். வீட்டில் வாயைத் திறந்து சொல்லலாம். ஆனால் இவர் காதைப் பொத்திக்கொள்வார். சட்டம். என் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது என்பதற்காகவே போட்ட சட்டம், அதை நினைத்தால் கோபத்திலும் அழுகை வந்தது. ஒரு வழிதான் இருந்தது. உலகத்துக்கே சொல்லிவிடுவது. மாற்றங்களை மேனேஜர் பார்த்த பிறகுதான் வெளியிட வேண்டும் என்பது ஆபீஸ் வழக்கம். ஆனால் வெளியிடும் பட்டன் என் திரையில்தான் இருந்தது.

பழைய வரிகளை அழித்தேன். எழுதினேன்: 'மெசேஜ் ஒரு முறைக்கு மேல் வரும். இது உங்கள் தவறு அல்ல. கடைசியில் உள்ள எண் ஏற்கெனவே வந்திருந்தால், அந்த மெசேஜைத் தள்ளிவிடுங்கள்.' டாக்குமெண்டேஷனில் 'இது உங்கள் தவறு அல்ல' என்றெல்லாம் எழுத மாட்டார்கள். நான் எழுதினேன். பட்டனை அழுத்திவிட்டுப் போய்க் கை கழுவினேன்.

இவர் தினமும் காலையில் மற்றவர்கள் பேப்பர் பார்க்கிற மாதிரி டாக்குமெண்டேஷனைத் திறந்து பார்ப்பார். மறுநாளும் காபியோடு திறந்தார். நான் முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். காபி ஆடை கட்டிக் கிடந்தது. 'இது உங்கள் தவறு அல்ல' என்ற நடு வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் செருப்பு அடுக்கைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தார். நான் ஆபீஸுக்குக் கிளம்பும்போது மேஜையில் தாளம் கேட்டது.

குளத்தில் கணக்கு சரியானது. இரட்டையர் இருவரும் தண்ணீரில் இறங்கினார்கள். லீவு வகுப்புப் புக்கிங்கைக் கோச்சம்மா இவர் கையாலேயே திறக்க வைத்தார்.

ஆபீஸில் கதை வேறு. இவர் படித்த அன்றைக்கே மத்தியானத்துக்குள் என் வரிகளைத் தூக்கிவிட்டார்கள், பழைய வரி மறுபடியும் வந்து உட்கார்ந்துகொண்டது. மேனேஜர் குரலை உயர்த்தாமலேயே என்னை டாக்குமெண்டேஷனிலிருந்து எடுத்து உதவிப் பிரிவில் போட்டார். "கஸ்டமரோட கஷ்டம் உங்களுக்கு நல்லாப் புரியுதே, அங்க இருங்க." நாள் முழுக்க டிக்கெட். எல்லாரும் கேட்பது அதே கேள்வி. யாரோ எங்கேயோ தன் தலையில் தானே அடித்துக்கொள்கிறார்கள். பக்கத்து ஸீட்டுப் பெண் சொன்னாள், "படிக்காதீங்கக்கா, மூணை அழுத்துங்க."

வீட்டில் எதையும் சொல்லவில்லை. செருப்போடு விட்டுவிட்டேன்.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ ஒரு டிக்கெட் வந்தது. அனுப்பியவர் முகவரியைப் பார்த்தேன். என் வீட்டு முகவரிதான். நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்கிற என் புருஷன் எழுதியிருந்தார்:

'மெசேஜ் இரண்டு முறை வரும் என்று டாக்குமெண்டேஷனில் ஒரு நாள் உண்மை எழுதியிருந்தீர்கள். அதை ஏன் அழித்தீர்கள்? அந்த உண்மை தெரியாமல் நான் தொழிலையே விடப் பார்த்தேன். என்னைப் போல இன்னும் எத்தனை பேர் இருப்பார்கள்? என் புரோகிராமில் தப்பு இல்லை. தப்பு உங்களுடையது. ஒப்புக்கொண்டு அந்த வரியைத் திரும்பப் போடுங்கள். அதை எழுதியவர் யாராக இருந்தாலும், அவர் மேல் கை வைக்காதீர்கள்.'

சாரி என்று ஒரு இடத்தில்கூட இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன். இல்லவே இல்லை.

"என்னக்கா அழறீங்க? மூணை அழுத்துங்க" என்றாள் பக்கத்து ஸீட்டுப் பெண்.

நான் மூன்றை அழுத்தவில்லை. எனக்குத் தோன்றியதைத் தட்டி அனுப்பிவிட்டு, அந்த டிக்கெட்டை அச்செடுத்து மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

சாயங்காலம் இவர் போனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கே வந்தார். "பதில் வந்திருக்கு. கேளு. 'ஆமாம். தப்பு எங்களுடையது.' அவ்ளோதான். வணக்கம் கிடையாது, பொறுமை, பலம் எதுவும் கிடையாது."

"மரியாதை தெரியாதவங்க போல" என்றேன்.

"தெரியல. ஆனா இவங்கதான் நல்லா எழுதறாங்க" என்றார். அப்படியே என் அண்ணனைக் கூப்பிட்டார்.

"மச்சான், ஒண்ணாம் தேதி நான் வரல. வேற ஆளைப் பாத்துக்கோங்க." வாசல் பக்கம் செருப்பு அடுக்கைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எதுக்கும் அந்த ஏசி ரூமை மட்டும் காலியா வைங்க. உங்க தங்கச்சிக்கு வேண்டியிருக்கும்."